பூச்சி இல்லாத ஊரில் குருவிக்கு என்ன வேலை?

மார்ச் 20 வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் சிட்டுக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிடும். கண்ணீர் வடிக்கும் குருவி, செல்போன் டவரில் அடிபட்டுக் கிடக்கும் குருவி, 'உங்கள் பேரப்பிள்ளைகள் என்னைப் படத்தில்தான் பார்ப்பார்கள்' என்று பயமுறுத்தும் குருவி. மறுநாள் காலையில் ஒன்றையும் காணோம். உலகச் சிட்டுக்குருவி தினம் 2010ல் தொடங்கியது. அன்றிலிருந்து நாம் கூண்டில் ஏற்றியிருப்பது ஒரே ஒரு குற்றவாளியைத்தான்: செல்போன் டவர். 2018ல் ஷங்கரின் '2.0' வந்த பிறகு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. பட்சிராஜனாக வந்த அக்‌ஷய் குமாருக்காகத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள், வெளியே வந்ததும் செல்போனில் ஆட்டோ புக் செய்து வீட்டுக்குப் போனார்கள்.

டவர் மீது பழிபோடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. டவர் நம்முடையதில்லை, கம்பெனிக்காரர்களுடையது. நாம் கட்டவுமில்லை, நம்மால் இடிக்கவும் முடியாது. குருவி போனதற்கு வருத்தப்பட்டால் போதும், வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

பிரிட்டனின் கதையைப் பார்த்தால் இந்த வழக்கு ஆட்டம் காண்கிறது. அங்கே சிட்டுக்குருவிகள் 1970களின் பிற்பகுதியிலேயே குறையத் தொடங்கிவிட்டன. செல்போன் சேவை அந்த நாட்டுக்கு வந்ததே 1985ல்தான். லண்டன் நகரத்துக்குள் குருவி அரிதானபோது, 'தி இன்டிபென்டன்ட்' நாளிதழ் 2000ஆம் ஆண்டில் காரணத்தை நிரூபிப்பவருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. பூனை, வல்லூறு, ஈயமில்லாப் பெட்ரோல் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. 2012ல் டவர்கள் வெளியிடும் கதிர்வீச்சுக்கான வரம்பை இந்திய அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதற்குப் பின் குருவிகள் திரும்பி வந்துவிட்டதாக எந்தத் தெருவும் கொண்டாடவில்லை.

சரி, சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறதா? நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் தந்த பதிவுகளை வைத்து 2020ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை ஓர் ஆச்சரியத்தைச் சொன்னது. நாட்டளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. படிப்படியாகக் குறைவது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்குள்தான். ஆக, குருவி செத்துப்போகவில்லை; நம்மை விட்டுப் போயிருக்கிறது. கிராமத்துக்குப் போய்ப் பார்த்தால் டவருக்கு அடியிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது.

யார் போனார்கள், யார் வந்தார்கள்?

அதே அறிக்கையின் அடுத்த பதிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகள், 942 பறவையினங்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. மார்ச் 20 அன்று யாரும் படம் போடாத பறவைகள்தான் இந்தப் பட்டியலில் அதிகம். உதாரணமாக, பனங்காடை. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறமாகத் தெரிந்து, பறக்கும்போது சிறகில் நீலம் கொட்டும் பறவை. நெடுஞ்சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பார்த்ததுதான். அதன் பாதுகாப்பு நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்கிற அளவுக்குச் சரிவு.

பெருகியவர்களும் உண்டு. மயில், குயில், மாடப்புறா, காகம். அபார்ட்மென்ட்டில் குடியிருக்கும் எவருக்கும் இந்தப் பட்டியலில் அதிர்ச்சி இருக்காது. காகம் பெருகினால் குயில் பெருகுவதிலும் வியப்பில்லை. வாடகை தராமல் முட்டையிடக் காக்கைக்கூடு வேண்டுமே!

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?' என்று கேட்டால் விஷயம் பிடிபடும். பழமும் தேனும் உண்ணும் பறவைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. பங்களாத் தோட்டத்திலும் பழமரம் உண்டு, மேம்பாலத்தின் அடியிலும் பூச்செடி வைக்கிறார்கள். நாம் போடுவதையும் கொட்டுவதையும் தின்னும் பறவைகள் கொழிக்கின்றன. சிறு பிராணிகளை வேட்டையாடுபவையும் செத்ததைத் தின்பவையும் கடுமையாகச் சரிந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் அதே பாதையில் போய்க்கொண்டிருப்பவை பூச்சி தின்னும் பறவைகள்.

சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவையாயிற்றே, பூச்சிக் கணக்கில் எப்படி வரும் என்று கேட்கலாம். வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சு தின்னாது. முட்டையிலிருந்து வந்த முதல் சில நாட்களுக்கு அதற்கு வேண்டியது புழு, அசுவினி, சிலந்தி, சின்ன வெட்டுக்கிளி போன்ற மெத்தென்ற புரதம். தாயும் தந்தையும் மாறி மாறி நாளெல்லாம் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதுவும் கூட்டிலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் போய்வந்தால் கட்டுப்படியாகாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் என்ற ஆய்வாளர் குருவிக் கூடுகளைக் கண்காணித்துக் கண்டதும் இதுதான். பூச்சி போதாத இடங்களில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தன. கைப்பிடிக் கம்பு போடும் நல்ல மனிதர்கள் நிறைந்த தெருவிலும் இது நடக்கும்.

அதோடு முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. லண்டனில் குருவிக் கூட்டங்களுக்குக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் புழுக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதலாகக் குஞ்சுகள் பறந்தன. ஆனால் பெரிய குருவிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 2019ல் வெளியான இன்னொரு ஆய்வு, அந்நகரக் குருவிகளில் பறவை மலேரியா மிகப் பரவலாக இருப்பதைக் காட்டியது. ஒரு வில்லன் இருந்தால் சினிமா எடுக்கலாம். இங்கே இருப்பது ஒரு கூட்டணி. அந்தக் கூட்டணிக்குத் தலைமை தாங்குவது பசி என்பது என் கட்சி.

ஒட்டடைக் கம்பும் முருங்கை மரமும்

தையல்சிட்டு கூடு கட்டுவதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு முழுநேர வேலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை. அகலமான ஓர் இலையையோ, அருகருகே இருக்கும் இரண்டு இலைகளையோ தேர்ந்தெடுத்து, அலகால் ஓரங்களில் துளை போட்டு, நூல் கோத்து, தொட்டில்போலச் சுருட்டிவிடும். நூல் எங்கிருந்து வருகிறது? இலவம்பஞ்சு, நார், அவற்றோடு சிலந்தி வலை. தேன்சிட்டும் அப்படித்தான். கிளை நுனியில் தொங்கும் அதன் பை போன்ற கூட்டை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது சிலந்தியின் நூல். மாம்பழச்சிட்டு தன் சின்னக் கிண்ணத்துக்கு வெளிப்பூச்சு பூசுவதும் அதைக்கொண்டே. போகிக்கு முன்னால் ஒட்டடைக் கம்பை எடுக்கும்போது நாம் எத்தனை பேருடைய கட்டுமானப் பொருளைச் சுருட்டி எறிகிறோம்! வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கார் ஷெட்டின் பின்பக்கத்திலும், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய செம்பருத்தியிலும் என்ன அவசரம்?

முருங்கையின் கதை இன்னும் பரிதாபம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பும். பிள்ளைகளுக்கு அரிக்கிறது என்று துணிப்பந்தம் கட்டிக் கொளுத்துவார்கள், மருந்தடிப்பார்கள், கடைசியில் மரத்தையே வெட்டுவார்கள். அந்த ரோமப் புழுக்களை ருசித்துத் தின்னும் பறவைகள் இருக்கின்றன. சுடலைக்குயில் அவற்றில் ஒன்று. மருந்து அடித்த வருடம் அது வராது. அது வராததால் அடுத்த வருடம் மருந்து கூடும். கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் கடித்து வைக்கும் பச்சைப்புழுவும் இப்படித்தான் நசுக்கப்படுகிறது. வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்பது குழந்தை வேண்டும், பிரசவம் வேண்டாம் என்பதைப் போலத்தான்.

நாம் நடும் செடிகளும் மாறிவிட்டன. புதிதாகக் கட்டும் வில்லாக்களில் கொரியன் புல், வரிசையாக அலங்காரப் பனை, வேலியோரம் கொனோகார்பஸ். பச்சைப் பசேல் என்று கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 'பூச்சி அண்டாது' என்று நர்சரிக்காரர் பெருமையாகச் சொல்லி விற்கிறார். பூச்சியே கடிக்காத செடி ஒரு பறவையின் கண்ணுக்குப் பிளாஸ்டிக் செடிதான். எருக்கு, நுணா, ஆவாரை, நாயுருவி எல்லாம் காலி மனையில் இருக்கின்றன. காலி மனையைத்தான் நாம் 'புதர் மண்டிக் கிடக்கிறது' என்று மாநகராட்சிக்குப் புகார் எழுதுகிறோம். என்னைக் கேட்டால் நகரத்தின் மிகச் சிறந்த பறவைப் பூங்கா இன்னும் வீடு கட்டப்படாத அந்த அரை கிரவுண்டுதான். பஞ்சுருட்டான் பூச்சி பிடிப்பதும், தினைக்குருவிகள் புல்விதை உரிப்பதும், செம்போத்து பதுங்கிப் பதுங்கி ஓணான் தேடுவதும் அங்கேதான். பூமி பூஜை போட்டதும் அத்தனையும் ஒரே நாளில் ஜேசிபியின் வாயில்.

மருந்து விஷயம் வீட்டு அஸ்திவாரத்திலேயே தொடங்குகிறது. கரையானுக்கென்று கட்டடத்தைச் சுற்றி ஊற்றும் மருந்துகளில் இமிடாகுளோப்ரிட் ஒன்று. பயிருக்கும் அதை அடிக்கிறார்கள். நெதர்லாந்தில் நீர்நிலைகளில் இந்த மருந்து அதிகமாகக் கலந்திருந்த பகுதிகளில், பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.5 சதவிகிதம் குறைந்தன என்று 2014ல் வெளியான ஆய்வு சொன்னது. நம் தெருக்களில் டெங்கு வந்தால் புகை வண்டி வருகிறது. கொசுவை ஒழிக்கத்தான் வேண்டும். அதில் சமரசம் கிடையாது. ஆனால் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதிலாகப் புகையை மட்டும் அடித்துக் கணக்குக் காட்டினால், தொட்டிக்குள் இருக்கும் கொசுப்புழு பத்திரமாகப் பிழைக்கும். செடியில் இருக்கும் மற்ற பூச்சிகளோடு சேர்த்துக் குருவிக்குஞ்சின் சாப்பாடுதான் புகையில் போகும்.

பசிக்கு அடுத்தது வீடு. இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஓட்டு வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். உத்திரத்து இடுக்கு, சாமி படத்தின் பின்புறம், கரண்ட் மீட்டர் பெட்டியின் மேல்பக்கம் என்று ஒரு வீட்டில் குருவிக்கு நாலைந்து அறைகள். நிலைக்கண்ணாடியில் தன்னையே எதிரியாக நினைத்துக் கொத்திக் கொத்தி ஓய்ந்துபோகும் ஆண்குருவி. முற்றத்தில் நெல் காயும், முறத்தில் புடைத்த நொய் சிந்தும். இப்போது கான்கிரீட் கூரையில் இடுக்கு கிடையாது, அரிசி பாக்கெட்டில் வருகிறது, வாசலில் பேவர் பிளாக். குருவி மண்ணில் புரண்டு குளிப்பது விளையாட்டுக்கு அல்ல. இறகில் இருக்கும் பேன் போவதற்கு. பேவர் பிளாக்கில் புரண்டால் என்ன ஆகும்? ராயபுரம், ஜார்ஜ் டவுன் சந்துகளில் இன்னும் குருவிச் சத்தம் கேட்பதற்குக் காரணம் அந்தப் பழைய கட்டடங்களும் சாக்குமூட்டை வைத்த கடைகளும்தான். சென்னையின் பணக்காரப் பகுதிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

அக்டோபர் விருந்தாளி

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபரில் சென்னைக்கு ஒரு பறவை வரும். பச்சை முதுகு, நீலத் தோள்பட்டை, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை. விடிகாலையிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி. ஆங்கிலத்தில் பிட்டா. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இறங்கி வருவது. இரவில்தான் பறக்கும். நகரத்தின் வெளிச்சத்தில் திசை தப்பிக் கண்ணாடிச் சுவரில் மோதி விழும். அல்லது களைத்துப்போய் யாராவது ஒருவருடைய பால்கனியிலோ குளியலறையிலோ வந்து ஒடுங்கி நிற்கும். இந்தப் பஞ்சவர்ணத்தைப் பார்த்து, யாரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை என்று நினைத்துக் கூண்டில் போடுபவர்களும் உண்டு. அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, இருட்டில் ஓரிரு மணி நேரம் விட்டு, தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

போய் எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி. பிட்டாவின் தட்டு தரை. உதிர்ந்த சருகை அலகால் புரட்டிப் புரட்டி அடியிலிருக்கும் புழுவையும் வண்டையும் எடுத்துத் தின்னும். அதற்கு அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகம், கிண்டிக் காடு போலச் சருகு கிடக்கும் இடம் வேண்டும். நம் பூங்காக்களில் காலை ஐந்து மணிக்கே சருகைப் பெருக்கிக் குவித்துவிடுகிறோம். சில இடங்களில் மூலையில் வைத்துக் கொளுத்தியும் விடுகிறோம். குண்டுகரிச்சானும் தவிட்டுக்குருவியும் நம்பியிருப்பதும் அதே சருகைத்தான். எட்டுப் பத்தாகத் தரையில் தத்தித் தத்திச் சச்சரவு செய்துகொண்டே இலையைப் புரட்டும் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு தோட்டத்தில் இருந்தால், அந்தத் தோட்டக்காரர் சோம்பேறி என்று அர்த்தம். அவருக்கு என் வணக்கம்.

வலையும் மிக்சரும்

போனவர்களைவிட வந்தவர்கள் தரும் தொல்லைதான் இன்று அபார்ட்மென்ட் சங்கக் கூட்டங்களின் முதல் அஜெண்டா. மாடப்புறா பாறை விளிம்பில் வாழ்ந்த பறவை. பன்னிரண்டு மாடிக் கட்டடம் அதற்கு ஒரு பெரிய மலை. ஏசி அவுட்டோர் யூனிட் ஒரு குகை. அதன் குஞ்சுக்குப் பூச்சி தேவையில்லை, தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் பாலே போதும் என்பதால், பூச்சியில்லாத நகரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மொட்டைமாடியில் புண்ணியத்துக்கென்று மூட்டை மூட்டையாகக் கம்பைக் கொட்டுபவர் ஒருவர், எச்சத்தால் மூச்சு இரைக்கிறது என்று வலை கட்டுபவர் இன்னொருவர். லிஃப்ட் சுவரிலும் மின்கம்பத்திலும் 'புறா வலை' விளம்பரம் இல்லாத தெரு இல்லை. தளர்வாகக் கட்டிய வலையில் சிக்கிக் காலொடிவது புறா மட்டுமல்ல. புள்ளி ஆந்தையும் கிளியும் வௌவாலும்கூட. வலை கட்டுபவர்கள் அதை இறுக்கிக் கட்டினால் பாதிப் பாவம் போகும்.

சோறு வைப்பதும் அப்படித்தான். நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. மிக்சரும் பிஸ்கட்டும் உப்புப் போட்ட சாதமும் காக்கையையும் புறாவையும் வளர்க்கும். தையல்சிட்டுக்கு அதில் ஒரு பருக்கைகூடப் பயனில்லை. பறவைக்குத் தீனி வைப்பதைத் தேசிய வழக்கமாகவே வைத்திருக்கும் பிரிட்டனில், பலரும் வந்து கூடித் தின்னும் தட்டுகளில் தொண்டையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி நோய் பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற தோட்டக் குருவி 2021ல் ஆபத்திலிருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்கே போய்விட்டது. தண்ணீர் வையுங்கள், தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

தோட்டத்தைத் தாண்டினால் கணக்கு இன்னும் பெரிது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் விரிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் குப்பைமேட்டுக்கும் ஐடி கட்டடங்களுக்கும் கொடுத்தது போக மிச்சம் இருப்பதில் மூச்சு விடுகிறது. 2022ல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. நகரத்துக்குள் தேசியப் பூங்கா வைத்திருக்கும் பெருமை சென்னைக்கு உண்டு; அந்தக் கிண்டிக் காடு 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதன் பக்கத்து வளாகமான ஐஐடியில் மான்கள் பிளாஸ்டிக் தின்றும், நாய்களிடம் கடிபட்டும் செத்திருக்கின்றன. ஓட்டுக்கூரைக்கு மேலே தடதடவென்று ஓடி, பாட்டிமார்களிடம் திட்டு வாங்கிய மரநாய்க்கு இன்று ஏற ஓடும் இல்லை, பலாமரமும் இல்லை.

என்ன செய்ய முடியும்? வட சென்னையில் பள்ளிப் பிள்ளைகள் கையாலேயே மரக்கூடு செய்து மாட்டும் முயற்சிகள் நடக்கின்றன. கூடுகள் அறக்கட்டளை அதில் முக்கியமானது. நல்ல வேலை. 2020ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது என்பதற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் இருட்டில் இருந்தது. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. சிவகங்கைக்காரர்களுக்கு யாராவது ஒரு மாலை போட வேண்டும். ஆனால் கூட்டுப்பெட்டி மாட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பெட்டியைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புழு இருக்கிறதா? இல்லையென்றால் அது பட்டினி வீடு.

அந்தப் புழுவுக்கு இடம் விட ஒரு விதி போதும். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கட்டட வரைபடத்தில் அதற்கு ஒரு குழி இல்லையென்றால் அனுமதி இல்லை. ஆரம்பத்தில் முணுமுணுத்தோம், பிறகு பழகிவிட்டோம். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவிகிதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அப்படிக் கிடைத்த இடங்களில் மாநகராட்சி கட்டும் பூங்காக்கள் எல்லாம் ஒரே அச்சு: நடைபாதை, உடற்பயிற்சிக் கம்பி, புல்தரை, யானை வடிவ சறுக்குமரம். பராமரிப்பு டெண்டரில் எத்தனை முறை பெருக்க வேண்டும், எத்தனை முறை புல் வெட்ட வேண்டும் என்றெல்லாம் இருக்கும். 'வடகிழக்கு மூலையில் இரண்டு சென்ட்: பெருக்கக் கூடாது, வெட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது' என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த முறை பேவர் பிளாக் கேட்டு மனு கொடுக்கும்போது, இதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 'பாம்பு வரும்' என்று ஆட்சேபம் கிளம்பும். பூங்கா வேலிக்குள் சருகு இருந்தாலும் குப்பை இல்லையென்றால் எலி இல்லை, எலி இல்லையென்றால் பாம்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை என்றும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.